பதினொரு படங்களை வைத்துக்கொண்டு கதை செய்ய முடியுமா?

2024 ஜூலை 6 – முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

அம்மாவுக்கு இந்த வருடம் அறுபது வயது நிறைகின்றது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவும் நானுமாகச் சேர்ந்து, வீட்டுப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரவிட்டு, எனது குரலில் சொல்லி, மூன்று நிமிடக் கதையொன்றைச் செய்து அவருக்குக் காட்ட நினைத்திருக்கின்றோம். ஆனால் எங்களிடம் எஞ்சியிருப்பவை பதினொரு படங்கள் மாத்திரமே. அவற்றுள் நான்கு அடையாள அட்டைக்காக எடுத்தவை. 2009 இற்கு முன்னர் இருந்த அல்பம் எதுவும் கைக்கு வரவில்லை. இதெல்லாம் படம் வைத்திருப்பவர்களுடைய பொழுதுபோக்கு, வன்னியில் இருந்து வந்தவர்களால் இப்படியொன்றைச் செய்ய முடியாது என்றே எனக்குத் தோன்றுகின்றது. இடைவெளிகளை நிரப்புவதற்கு இணையத்தில் கிடக்கும் வன்னிப் படங்களை எடுத்துப் போட்டால் பிழையா?

2024 ஜூலை 6, இரவு

பதினொன்று போதும். கிளிநொச்சியில் ஸ்ரூடியோ ஒன்றில் பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கின்றேன்: நூற்றுக்கணக்கான படங்களோடு வருபவர்கள்தான் கதை இல்லாமல் திரும்பிப் போகின்றார்கள், ஏனென்றால் எதையும் விட அவர்களுக்கு மனம் வருவதில்லை.

இந்த வடிவம் உருவான வரலாற்றையும் பாருங்கள். டேனா ஆட்ச்லி என்ற அமெரிக்கக் கலைஞர் தம் வீட்டுப் படங்களைத் திரையில் ஓடவிட்டு மேடையில் கதை சொல்லி வந்தார். ஜோ லாம்பேர்ட்டும் நீனா மல்லனும் அவரோடு சேர்ந்து 1994 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நிலையத்தைத் தொடங்கி, கமராவையும் கணினியையும் தொழிலாகக் கொண்டிராத சாதாரண மக்களுக்கு அதைப் பழக்கினார்கள். 2001 இல் பிபிசி வேல்ஸ் அதே முறையை ஊரூராகக் கொண்டுபோனபோது, அதை வழிநடத்திய புகைப்படக் கலைஞரான டானியல் மெடோஸ் இரண்டு நிமிடம், இருநூற்றைம்பது சொல், ஒரு டசின் அளவான படங்கள் என்று அளவை இறுக்கினார். படத்துக்குப் பஞ்சமில்லாத நாட்டிலேயே ஒரு டசினுக்கு மேல் வேண்டாம் என்றிருக்கின்றார்கள். உங்களுக்கு ஒன்றுதான் குறைகின்றது.

2024 ஜூலை 7

இணையப் படங்கள் பற்றிய கேள்விக்கு நேற்று வேண்டுமென்றே பதில் எழுதவில்லை. கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

போடாதீர்கள். காரணம் இரண்டு. முதலாவது, தறப்பாள் கொட்டில்களும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய சாமான்களும் தெரிகின்ற, எல்லோரும் பார்த்துப் பழகிய படமொன்று திரையில் வந்தவுடனே, பார்ப்பவர் உங்கள் அம்மாவை விட்டுவிட்டுத் தம்முடைய இடப்பெயர்வுக்குள் போய்விடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. இரண்டாவது காரணம் இன்னும் பாரமானது. அந்தப் படங்களில் காயத்தோடு கிடப்பவர்கள் யாரோ எவரோ அல்லர். புதுக்குடியிருப்பிலோ விசுவமடுவிலோ, ஏன் உங்கள் ஒழுங்கையிலேயே கூட, அவர்களுடைய தாய் இன்னும் இருக்கலாம். அந்தத் தாயிடம் கேட்காமல் அவருடைய பிள்ளையை உங்கள் வீட்டுப் பிறந்தநாள் கதைக்குள் கொண்டுவர உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை.

2024 ஜூலை 7, மாலை

“அப்படியானால் இடைவெளிக்கு என்ன செய்வது?” என்று கேட்டிருக்கின்றீர்கள். இப்போது கமராவை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்குங்கள். அம்மா இன்னமும் வைத்திருக்கும் பொருட்கள் எத்தனையோ இருக்கும்: செட்டிகுளம் முகாமில் கொடுத்த வாளி, அமுங்கிப்போன சட்டி, நிவாரண அட்டை, கிணற்றுக் கட்டில் சீமெந்து காயுமுன் யாரோ எழுதிய திகதி. காலை ஏழு மணிக்குள் எடுத்தால் வெயில் சரிந்து விழும். பொருளின் தேய்வு, கீறல் எல்லாம் தெரியும். உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

ஒன்றும் இல்லாத இடத்தில் திரையைக் கறுப்பாக விட்டுக் குரல் மாத்திரம் ஓடட்டும். நான்கைந்து விநாடிகளுக்கு மேல் வேண்டாம், கைத்தொலைபேசி நின்றுவிட்டது என்று நினைத்து அம்மா உங்களைக் கூப்பிடுவார்.

2024 ஜூலை 9

ஸ்கான் செய்வது பற்றி. அண்ணா தம்மிடமுள்ள படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பியதாகவும் அவை மங்கலாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், முழு அளவில் வந்து சேரும்.

உங்களிடம் உள்ள ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கான் செய்தால் அகலம் 3600 புள்ளிகள் கிடைக்கும். செய்யப்போகும் வீடியோ 1920×1080 என்பதால், அந்தப் படத்தின் பாதியளவான ஒரு பகுதியை மாத்திரம் திரை முழுவதும் காட்டினாலும் தெளிவு கெடாது. ஆகவே ஒரே படம் மூன்று தடவை வரலாம்: முதலில் முழுப் படம், பிறகு அம்மாவின் கை, பிறகு பின்னால் வேலியில் காயும் சேலை. அடையாள அட்டைப் படங்கள் நான்கையும் விட்டால், மிச்சம் ஏழும் இருபத்தொன்றாகும் கணக்கு இதுதான். அடையாள அட்டைப் படம் 35 மில்லிமீற்றர் அகலமே உள்ளது. அதை 1200 டிபிஐ இல் எடுத்தாலும் 1650 புள்ளிகளளவில்தான் வரும். அதைப் பெருப்பித்துத் திரையை நிரப்பப் பார்க்காமல், நடுவில் சிறிதாக வைத்துச் சுற்றிலும் கறுப்பாக விடுங்கள். சிறிய படம் சிறியதாகவே தெரியட்டும்.

ஸ்கானர் இல்லாவிட்டால் விறாந்தையில், நேர் வெயில் படாத இடத்தில், கறுப்புத் துணியின்மேல் படத்தை வைத்து, கைத்தொலைபேசியை அதற்கு நேர் மேலே சரிவில்லாமல் பிடித்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம்.

ஒட்டும் தாள் வைத்த அல்பத்தில் பிடித்துக்கொண்ட படத்தை நகத்தால் உரிக்காதீர்கள். தங்கூசியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, படத்துக்கும் தாளுக்கும் இடையில் மெல்ல அறுப்பதுபோல் கொண்டுபோனால் பெரும்பாலும் கழன்று வரும். பிறேம் கண்ணாடியோடு ஒட்டிய படமென்றால் தொடவே வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யுங்கள்.

2024 ஜூலை 12

அனுப்பிய வசனங்களை வாசித்தேன். “இது எனது அக்காவின் ஐந்தாவது பிறந்தநாளில் எடுக்கப்பட்ட படம். இதில் அம்மா, அக்கா, அம்மம்மா ஆகியோர் நிற்கின்றனர்” என்று தொடங்குகின்றது. தங்கச்சி, அதைப் பார்ப்பவருக்கே தெரியும். கண்ணுக்குத் தெரிவதை வாயாலும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண்.

அதே படத்தைப் பற்றி நீங்கள் முதற் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: படம் எடுத்தவருக்குக் கொடுக்கக் காசு இல்லாததால் அம்மா நெல் கொடுத்தார் என்று. அங்கிருந்து தொடங்குங்கள். “இந்தப் படத்தை எடுத்தவருக்கு அம்மா காசு கொடுக்கவில்லை. ஒரு மரைக்கால் நெல் கொடுத்தார்.” அவ்வளவும் போதும், அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் நிலைமையை நீங்கள் விளக்க வேண்டியதில்லை, காலபோகம் எப்படி விளைந்தது என்பதையும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் படத்தைப் பெருப்பித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் தொங்குவது ஸ்ரூடியோத் திரைச்சீலை; நீல ஏரி, பனி மூடிய மலை, ஓட்டு வீடு ஒன்று. வன்னியில் எவரும் கண்டிராத பனிமலை எல்லோருடைய அல்பத்திலும் இருக்கின்றது! ஆனால் சீலையின் கீழ் ஓரம் நிலத்தைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் மண்ணும் ஒரு கோழியின் காலும் தெரிகின்றன. அதாவது அந்தச் சீலையை முற்றத்துக்கே கொண்டுவந்து கட்டியிருக்கின்றார்கள். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கின்றார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வன்னிக்குள் வருவது தடைசெய்யப்பட்டிருந்தது. பற்றரி இல்லாமல் பிளாஷ் இல்லை, ஆகவே எல்லோரையும் வெயிலில் நிறுத்தித்தான் எடுத்தோம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் படங்களில் சிரிக்காததற்கு வெயிலும் ஒரு காரணம் என்பதை ஸ்ரூடியோக்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

அந்தக் கோழிக்காலுக்கு ஐந்து விநாடி கொடுங்கள்.

இன்னொன்று. நடந்ததை அடுக்கிக்கொண்டு போவதோடு நின்றுவிட்டால் அது வாழ்க்கைக் குறிப்பு. அன்று அதை எப்படி விளங்கிக்கொண்டீர்கள், இன்று எப்படி விளங்கிக்கொள்கின்றீர்கள் என்ற இரண்டும் ஒன்றோடொன்று உரசும் இடத்திலிருந்துதான் இத்தகைய கதைக்கு உயிர் வரும். நெல்லைக் கொடுத்துப் படம் எடுத்தது வீண்செலவு என்று அன்று அம்மம்மா ஏசினார் என்கின்றீர்கள். இன்று அந்தப் படத்தில்தான் அம்மம்மாவே இருக்கின்றார். இதைச் சொல்லிவிட்டு “ஆகவே” என்று ஒரு வசனம் எழுதிவிடாதீர்கள்.

2024 ஜூலை 13

நேற்றைய குறிப்புக்கு மல்லாவியில் இருந்து ஓர் அண்ணை மறுப்பு எழுதியிருக்கின்றார்: கனடாவில் பிறந்த பிள்ளைகள் பார்க்கும்போது யார் அம்மம்மா, யார் பெரியம்மா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று. நியாயமான கேள்வி. முறைப்பெயரைச் சொல்லலாம், ஆனால் வரிசையில் நிற்பவர்களை இடமிருந்து வலமாக வாசிக்காமல், அவர் செய்த ஒரு காரியத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். “ஏசிய அம்மம்மா” என்றால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

2024 ஜூலை 20

படத்தின் வருடம் பற்றி அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை வந்துவிட்டதாம். படத்தின் மூலையில் செம்மஞ்சள் எழுத்தில் 1998 என்று இருக்கின்றதாம். அந்த எழுத்தை நம்பாதீர்கள். கமராவின் திகதியைச் சரிசெய்யாமல் விட்ட படங்கள் ஏராளம் எங்கள் கையால் போயிருக்கின்றன. நம் ஆட்களுடைய நாட்காட்டி வேறு: யாழ்ப்பாணத்து இடப்பெயர்வுக்கு முன்னமா பின்னமா, ஏ9 பாதை திறந்த 2002 இற்கு முன்னமா, சுனாமிக்கு முதல் மாரியா என்று கேட்டால் உடனே பதில் வரும். அப்படிக் கேட்டும் இருவரும் இணங்காவிட்டால் கதையிலேயே சொல்லிவிடுங்கள்: “அம்மா சொல்வது ஒரு வருடம், சித்தப்பா சொல்வது வேறொரு வருடம்.” வருடம் இன்னதென்று முடிவாவதைவிட இருவரும் சண்டை பிடிப்பது எனக்கு முக்கியமாகத் தெரிகின்றது. சித்தப்பாவின் குரலையும் ஒரு வசனத்துக்குப் பதிவுசெய்ய முடியுமானால் இன்னும் நல்லது.

2024 ஜூலை 21

குரல் பதிவு. நீங்கள் அனுப்பிய மாதிரியில் சோளகக் காற்று மாத்திரமே கேட்கின்றது, பின்னால் ஒரு மயில் வேறு. ஆடி மாதத்தில் முற்றத்தில் இருந்து பதிவு செய்ய முடியாது. அறைக்குள் போய், உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முன்னால் மெத்தையில் இருந்து பேசுங்கள். துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். தொலைபேசியைப் பறப்பு நிலைக்கு மாற்றுங்கள். வாய்க்கு நேரே பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் பகரம் மைக்கில் மோதி வெடிக்காது. லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரங்கள் வயலுக்குப் போகத் தொடங்குமுன், விடியற்காலையில், பந்தி பந்தியாகப் பதிவு செய்யுங்கள்.

பேசி முடிந்தபின் அரை நிமிடம் சும்மா இருந்து அந்த அறையின் அமைதியையும் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அது தேவைப்படும். முற்றாக ஒலியை நிறுத்தினால் காது திடுக்கிடும். ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் இரைச்சலை நீக்கும் வசதி உண்டு, ஆனால் அளவோடு பாவியுங்கள். கூடினால் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்.

இருநூறு தமிழ்ச் சொற்களை ஆறுதலாக வாசித்தால் இரண்டு நிமிடத்தைத் தாண்டும். வேல்ஸ்காரரின் இருநூற்றைம்பது ஆங்கிலத்துக்குரிய கணக்கு. நமது சொற்கள் நீளமானவை.

மேடைத்தமிழில் வாசித்திருக்கின்றீர்கள். நான் இங்கு எழுதுவது எழுத்துத்தமிழ், அது வேறு விடயம். அம்மாவோடு குசினியில் எப்படிக் கதைப்பீர்களோ அப்படியே பதியுங்கள்.

2024 ஜூலை 28

இந்தக் குறிப்பை எழுதச் சில நாட்கள் தயங்கினேன். நான்கு அடையாள அட்டைப் படங்களில் ஒன்று மாமாவுடையது என்றும், 2009 இற்குப் பிறகு அவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை என்றும், அம்மா அதைப் பெருப்பித்து லமினேற் செய்து வைத்திருக்கின்றார் என்றும் எழுதியிருந்தீர்கள். அதையும் கதையில் சேர்க்க வேண்டுமா என்பது கேள்வி.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 இல் வீதியோரத்தில் போராட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, அத்தகைய படங்கள் தாய்மாரின் கையில் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்து வருகின்றோம். ஸ்ரூடியோவில் நான் பெருப்பித்துக் கொடுத்தவற்றில் பல அங்கு போயின. காதோரத்தில் முத்திரையின் அரைவட்டம் விழுந்த, கண்ணில் புள்ளிகள் சிதறிய படங்கள். அதை அழிக்கட்டுமா என்று கேட்டால், பலர் வேண்டாம் என்பார்கள். அங்கு அந்தப் படம் ஒரு கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்களை நோக்கிப் பிடிக்கப்படுவது. அதையே எடுத்து, மெல்ல மங்கி மறையும்படி செய்து, பிறந்தநாள் கதையில் போட்டால், மாமாவின் விடயம் முடிந்துபோனது என்று நீங்களே சொல்வதாகிவிடும். மங்கி மறையும் அந்த மாற்றம் நம் ஊர்க் கண்ணுக்குச் சாவு வீட்டு வீடியோவின் அடையாளம்.

ஆகவே அம்மாவைக் கேளுங்கள். திடீர் மகிழ்ச்சியாகக் காட்ட நினைத்தது கெட்டுப்போகும் என்று அண்ணா சொல்கின்றாராம், கெட்டுப்போகட்டும். அவர் சம்மதித்தால் படத்தை அசையாமல், மங்காமல், மற்றவர்களின் படங்களைப் போலவே வைத்து, அடுத்த படத்துக்கு நேரடியாக வெட்டுங்கள். இறந்தகாலத்தில் பேசாதீர்கள். சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

அக்காவின் சாமத்தியவீட்டுப் படத்துக்கும் அக்காவிடம் கேட்க வேண்டும். குடும்பத்துக்குள் காட்டுவதற்கு வரும் சம்மதம் முகநூலில் போடுவதற்கான சம்மதம் ஆகாது. இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

2024 ஓகஸ்ட் 4

அம்மா சம்மதித்தது அறிந்தேன். “அவன் வந்தால் பார்க்கட்டும்” என்று அவர் சொன்ன வசனத்தைக் கதையில் சேர்ப்பதா வேண்டாமா என்று என்னிடம் கேட்காதீர்கள், அதுவும் அவருடையதுதான்.

இனிச் சிறிய விடயங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம். இணையத்தில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வரும் என்பது ஒருபுறம், அந்தப் பாட்டைக் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அதனோடு தம் சொந்த நினைவு ஒன்று ஒட்டியிருக்கும் என்பது மறுபுறம். இணையப் படங்களுக்குச் சொன்ன அதே நியாயம்தான். சோகப் புல்லாங்குழலும் வேண்டாம். எங்கே அழ வேண்டும் என்று பார்ப்பவருக்குக் கற்பிப்பது மரியாதைக் குறைவு. உங்கள் கிணற்றுக் கப்பியின் சத்தத்தைப் பதிந்து வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அதை இரண்டு இடத்தில் போடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்து அம்மம்மாவின் முகத்தைத் தெளிவாக்கி அண்ணா அனுப்பிய படத்தையும் பார்த்தேன். தெளிவாகத்தான் இருக்கின்றது, ஆனால் அது வேறொரு கிழவி. மங்கிய இடத்தில் என்ன இருந்தது என்பது அந்தச் செயலிக்குத் தெரியாது. எங்கோ பார்த்த ஆயிரம் முகங்களிலிருந்து ஒரு கண்ணை ஊகித்து வைத்துவிடுகின்றது. நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்துங்கள், தூசியைத் துடையுங்கள். பொலித்தீனில் சுற்றி வளவில் தாட்டு வைத்தபோது நீர் ஏறிய அந்தக் கபிலக் கறையை விட்டுவிடுங்கள். அது எப்படி வந்தது என்பதை நீங்கள் குரலில் சொல்கின்றீர்கள். கறையைத் துடைத்துவிட்டால் அந்த வசனத்துக்குத் திரையில் சாட்சி இருக்காது.

2024 ஓகஸ்ட் 11

தலைப்பு எழுத்துகள் உடைவது பற்றி: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டியிருக்கின்றீர்கள், அதனால் ஆங்கில எழுத்துகளாக வருகின்றது. யுனிகோட்டில் மீண்டும் எழுதுங்கள். அப்படியும் சில செயலிகளில் கொம்பு முன்னும் பின்னுமாக மாறி நிற்கும். அவ்வாறானால் தலைப்பை வெள்ளைத்தாளில் கையால் எழுதிப் படமெடுத்துப் போட்டுவிடுங்கள். எனக்கு அதுதான் விருப்பமும்.

கணினியில் செய்வதானால் ஷொட்கட், ஓப்பன்ஷொட் என்ற வீடியோ வெட்டி ஒட்டும் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். முதலில் குரலைக் கிடத்துங்கள், பிறகு அதன் மேல் படங்களை வையுங்கள். படங்களை அடுக்கிவிட்டுக் குரலை இழுத்துப் பொருத்தப் பார்த்தால் முடிவே வராது. படம் மெல்ல நெருங்குவதும் விலகுவதுமான அசைவு எல்லாவற்றுக்கும் வேண்டாம். கோழிக்காலுக்கு நெருங்கலாம். மாமாவுக்கு அசைவே இல்லை என்று முன்னரே பேசிவிட்டோம்.

முடிந்ததும் எம்பி4 ஆக வெளியில் எடுத்து, ஸ்கான் செய்த மூலப்படங்களோடு சேர்த்து உங்கள் கணினியில் ஒன்று, பென்ட்ரைவில் ஒன்று, அண்ணாவிடம் ஒன்று என்று வையுங்கள். ஒரே வீட்டுக்குள் மூன்று பிரதி வைத்தாலும் பயனில்லை. 2018 மார்கழி வெள்ளத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காட்டும் நேரத்தையும் இப்போதே தீர்மானியுங்கள். இங்கு மாலை ஆறரை என்றால் ரொறன்ரோவில் காலை ஒன்பது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்தால் அண்ணாவுக்கும் வேலை இராது.